பைண்டிங் காப்பி

என் சகலையின் புத்தகங்களைப் பாழாக்கியவன் நான். வெட்டியது பைண்டரின் கத்தி, கூலி கொடுத்தது என் சகலை. ஆனாலும் பாழாக்கியவன் நான்தான். அறியாமல் செய்யவில்லை. பொறாமையால் செய்தேன்... நன்றாகத் தெரிந்தே செய்தேன்!

முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தால், நடுவில் எங்காவது என்னை நல்லவனாகக் காட்டிக்கொண்டு தப்பித்துவிடுவேன். அந்தச் சாமர்த்தியம் எனக்கு நிறையவே உண்டு.

பங்குச் சாமியாரிடம் சொல்ல ஒருமுறை முயன்றேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, கோபம், பொய், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகாதது என்று வழக்கமான சரக்கை எல்லாம் அவிழ்த்தேன். இதை மட்டும் அவிழ்க்கவில்லை. "வேற ஏதாவது?" என்று கேட்டார். "அவ்வளவுதான் சாமி" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

உங்களை எனக்குத் தெரியாது. நீங்களும் என்னை எங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் எழுத்தர். அது சம்பளத்துக்கு. மற்றபடி என் வாழ்வெல்லாம் பழைய தமிழ்க் காமிக்ஸ் புத்தகங்கள்தான். சிரிக்காதீர்கள்! ஒரு காலத்தில் பல்லி மிட்டாய் விலைக்கு விற்ற அந்தச் சாணித்தாள் புத்தகங்களுக்கு, இன்று தவம் கிடக்கும் ஆட்கள் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள், துபாயிலும் இருக்கிறார்கள். எங்களுக்கென்று வாட்ஸாப் குழு உண்டு. அதில் விலை சொல்லும் ஆள் நான்!

யாராவது பரணிலிருந்து எதையாவது கண்டெடுத்தால், முதலில் எனக்குத்தான் படம் அனுப்புவார்கள். "சார், இது எவ்வளவு தேறும்?" நான் பெரிய வைத்தியரைப்போல் நாடி பார்ப்பேன். அட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதா? முதுகில் குத்திய கம்பிப் பின் துருப்பிடித்திருக்கிறதா? வாடகை நூலக முத்திரை விழுந்திருக்கிறதா? பேனாவால் பெயர் எழுதியிருக்கிறார்களா? கடைசிப் பக்கத்துப் பரிசுக் கூப்பனை எவனாவது வெட்டி அனுப்பித் தொலைத்திருக்கிறானா? ஒவ்வொன்றுக்கும் விலை இறங்கும்.

ஆனால் எல்லாவற்றையும்விடக் கேவலமானது ஒன்று உண்டு. அதை நாங்கள் 'பைண்டிங் காப்பி' என்போம். அட்டையை உரித்து, பின்னைப் பிடுங்கி, பத்துப் பதினைந்தை ஒன்றாகத் தைத்து, மூன்று பக்கமும் அரிந்து, காலிகோ துணி ஒட்டியது. படிக்கலாம், தலைக்கு வைத்துப் படுக்கலாம். சேகரிப்பவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

இது எனக்குத் தெரியும். என் சகலைக்குத் தெரியாது. நடந்ததெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

என் சகலை அமலதாஸ், என் மனைவியின் தங்கை ரீட்டாவின் கணவர். தலத்தெருவில் வீடு. யாரோ ஒருவரின் பட்டறையில் பைக் மெக்கானிக். மூத்த மாப்பிள்ளை நான், அரசு வேலை எனக்கு, சட்டையில் கறைபடாமல் வீட்டுக்கு வருகிறவன் நான். ஆனால் மாமியார் வீட்டுப் படியேறினால், "வாங்க" என்ற கையோடு அடுத்த கேள்வி, "தாஸ் வரலையா?" என்றுதான் இருக்கும். அவர் வந்துவிட்டால் வீடு கலகலப்பாகிவிடும். நான் போய்விட்டால்... யாரும் கவனிப்பதில்லை.

அவர் என்ன செய்தார் எனக்கு? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் கொடுமை! ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால்கூட என் பொறாமைக்கு ஒரு மரியாதை கிடைத்திருக்கும்.

இன்னும் பின்னால் போனால், அது கல்யாணத்துக்கு முன்பே, நாங்கள் சிறுவர்களாக இருந்தபோதே தொடங்கியது. தாஸின் அப்பா பேருந்து நிலையத்தில் பத்திரிகைக் கடை வைத்திருந்தார். துணி காயப்போட்டதுபோல் கயிற்றில் வரிசையாகக் காமிக்ஸ் தொங்கும். நான் வெளியே நின்று அட்டைகளை மட்டும் பார்ப்பேன். தாஸ் கடைக்குள் கட்டுகளின்மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு பொரி தின்பார். படிக்கக்கூட மாட்டார்! அவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவருக்கு அதில் ஆசையே கிடையாது. எனக்கு வயிறு பற்றி எரியும்.

ஒரு தீபாவளிக்குத் தடிமனாக ஒரு மலர் வந்தது. அட்டையில் நீலமும் சிவப்புமாக, குதிரை பாய்கிற படம். அப்பாவிடம் கெஞ்சினேன். "பட்டாசு வேணுமா, புஸ்தகம் வேணுமா?" என்றார். தம்பிகள் பட்டாசு என்று கத்திவிட்டார்கள். மறுவாரம் காசோடு ஓடினேன். கயிற்றில் அது இல்லை. வளர்ந்து சம்பாதித்துத் தேடித் தேடி ஒரு பிரதி வாங்கினேன்... அட்டை இல்லாத பிரதி. யாரிடமோ படம் வாங்கி, கலர் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டி வைத்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் தாஸ் வீட்டின் பழைய ஓட்டுக் கூரையைப் பிரித்தார்கள். பரணில் அவர் அப்பாவின் தகரப் பெட்டி அகப்பட்டது. உடனே எனக்குப் போன்.

"அண்ணே, செத்த வந்துட்டுப் போங்களேன். அப்பா பொட்டி நெறைய உங்க புஸ்தகமா இருக்கு!"

உங்க புஸ்தகம்! அவர் வாயில் அப்படித்தான் வந்தது. நான் போனேன். பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் குப்பென்று அடித்தது.

நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்... சின்னக் கடைக்காரர்களிடம் விற்காமல் மிஞ்சியதைக் கம்பெனிக்காரர்கள் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டார்கள் போலிருக்கிறது. தாஸின் அப்பா அப்படி மிஞ்சியதை எல்லாம் நடுவில் செய்தித்தாள் கொடுத்து அடுக்கி வைத்திருந்தார். ஒருவரும் வாங்காத புத்தகங்கள். அதனால் ஒருவர் கையும் படாத புத்தகங்கள்! அட்டை பளபளவென்று இருந்தது. பின்னில் துரு இல்லை. ஒரு கூப்பன்கூட வெட்டுப்படவில்லை. நான் படித்துப் படித்துக் கிழித்தவை எல்லாம் அங்கே நேற்று அச்சடித்ததுபோல் கிடந்தன.

அடியில் அந்த மலர் இருந்தது. குதிரை பாய்ந்துகொண்டிருந்தது.

நான் அதைக் கையில் எடுத்தேன். மகிழ்ச்சி வந்ததா? வரவே இல்லை. நான் முப்பது வருடம் அலைந்து, லோன் போட்டு, வீட்டில் பேச்சு வாங்கிச் சேர்த்ததை எல்லாம், இந்த மனிதர் ஓட்டைப் பிரித்து எடுத்துவிட்டாரே! காரைக்காலின் முதல் சேகரிப்பு என்று நான் மார்தட்டிக்கொண்டது ஒரு நிமிடத்தில் இரண்டாவதாகிவிட்டதே! காதில் புகை வருவது என்று கேலிக்குச் சொல்வோம். எனக்கு அன்று நிஜமாகவே காது சுட்டது.

"ஏதாச்சும் தேறுமாண்ணே?" என்றார் தாஸ். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மெயின் ரோட்டுல ஒரு கடை காலியாவுது. அட்வான்ஸ்தான் இடிக்கிது. எவ்வளவு நாளைக்குண்ணே அடுத்தவங்க பட்டறையில ஸ்பேனர் புடிக்கிறது? அப்பா பேர்ல ஒரு போர்டு மாட்டணும், அவ்வளவுதான் ஆச."

தேறும். அந்தப் பெட்டி அவருக்குக் கடையைத் தந்திருக்கும், கடைக்குள் வைக்கக் கம்ப்ரசரையும் தந்திருக்கும். நான் ஒரே ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டிருந்தால், மாலைக்குள் என் போன் சூடாகியிருக்கும்.

நீங்கள் கேட்கலாம்: பொறாமைதானே, அடிமாட்டு விலைக்கு நீயே வாங்கியிருக்கலாமே என்று. நானும் அதை எத்தனையோ தடவை என்னிடம் கேட்டுவிட்டேன். வாங்கியிருந்தால் நான் வெறும் ஏமாற்றுக்காரன். அதை மன்னிக்கலாம்... ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் எனக்கு அவை வேண்டியிருக்கவில்லை. அவரிடமிருந்து வந்தது என்று தெரிந்தபின் என் அலமாரியில் அவற்றைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவரிடம் அவை இருக்கக் கூடாது!

அந்தக் கணத்தில் என் வாய் எவ்வளவு இயல்பாக வேலை செய்தது தெரியுமா?

"நல்லாத்தான் இருக்கு தாஸ். ஆனா இப்படி உதிரி உதிரியா இருந்தா யாரும் மதிக்க மாட்டாங்க. வரிசையா அடுக்கி, நல்லா பைண்ட் பண்ணி, தொகுதி தொகுதியா வச்சாத்தான் பார்ட்டி வருவாங்க."

அவர் ஏன் சந்தேகப்படப்போகிறார்? நம் பக்கத்தில் உசத்தியான எதையும் பைண்ட் பண்ணித்தானே வைப்போம்! வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைக்காத வீடு எது? பைண்ட் செய்வது என்றால் மரியாதை. தாஸின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, இது தெரியாம நான் அப்படியே தூக்கிக் குடுத்திருப்பேன்! நீங்களும் கூட வாங்கண்ணே, எனக்கு அவங்ககிட்ட என்ன சொல்லணும்னு தெரியாது."

கூடப் போனேன். அவர் வண்டியில், பின்னால், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

பைண்டர் ஒரு வயதான பாய். கடைத்தெருச் சந்தில் இருக்கிறது அவர் கடை. முதல் புத்தகத்தை எடுத்துப் புரட்டியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யா அல்லா... ஒரு மைப் பொட்டுகூட இல்லையே தம்பி! இத அரியணுமா? புடவக் கடையில இருந்து எடுத்தாந்த மாதிரி இருக்கு. மனசு வரலையே."

அவருக்கே மனசு வரவில்லை! காமிக்ஸ் என்றால் என்னவென்று தெரியாத மனிதருக்கு! எனக்குக் கடவுள் கொடுத்த இன்னொரு வாய்ப்பு அது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"அட்டையோட தைக்கவா, எடுத்துரவா?" என்றார் பாய். தாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அட்டை அழகா இருக்கேண்ணே..." என்று இழுத்தார்.

"எடுத்துடுங்க பாய்" என்றேன். "தடியா இருந்தா தையல் நிக்காது. மூணு பக்கமும் நல்லா அரிஞ்சிடுங்க."

பாய் உரிக்கத் தொடங்கினார். அந்த நீல அட்டை தனியாக வந்து மேசையில் விழுந்தது. உண்மையைச் சொல்லவேண்டும் அல்லவா... என் கை அதை நோக்கி நீண்டது. என் பிரதிக்குத்தான் அட்டை கிடையாதே! ஆனால் எடுத்தால் தாஸ் யோசிப்பார் என்று கையை இழுத்துக்கொண்டேன். "இதெல்லாம் நோட்டுக்கு உள்ளட்டையா வச்சுக்கவா?" என்று பாய் கேட்டார். தாஸ் தலையாட்டினார். சிறு பிள்ளைகளின் கணக்கு நோட்டுக்குள் எங்கேயோ அந்தக் குதிரை ஒட்டப்பட்டிருக்கும்.

பிறகு எந்திரத்தில் வைத்து அரிந்தார். வண்ணக் கீற்றுகள் தரையில் விழுந்தன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிவப்புக் காலிகோவில் கனமான தொகுதிகளாக வந்தன. தாஸ் அவற்றைப் பெரிய அக்கறையாகத் துண்டில் சுற்றி வைத்தார். "குழுவில் கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொன்னேன், கேட்கவில்லை. "யாரும் அசையலை தாஸ், சந்தை படுத்துக் கிடக்கு" என்று சொன்னேன். அப்போதுதான் சந்தை நல்ல சூடாக இருந்தது. மெயின் ரோட்டுக் கடையில் யாரோ ஜூஸ் கடை திறந்தார்கள். நான் அலுவலகம் போகிற வழி அதுதான்.

"விடுங்கண்ணே, நமக்குன்னு இருந்தா வரும்" என்றார் தாஸ். அவருக்கு எப்படி அப்படிச் சொல்ல வருகிறது? அன்றும் எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. அந்த நிதானம் எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்றுதான் வயிறு எரிந்தது!

இத்தோடு முடிந்திருந்தால் ஒருவேளை இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, எங்கள் குழுவைச் சேர்ந்த ஈரோட்டு நண்பர் ஒருவர் திருநள்ளாற்றுக்கு வந்துவிட்டு, என் சேகரிப்பைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். நல்ல விலை கொடுத்து வாங்குகிற கை. என் மனைவி பிலோமினா நல்லது செய்வதாக நினைத்துத் தங்கைக்குப் போன் பண்ணிவிட்டாள். அரை மணி நேரத்தில் தாஸ் வாசலில் நின்றார். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். கையை மட்டும் நன்றாகக் கழுவியிருந்தார். தோளில் பை.

"இவர் எங்க சகலை" என்று சொன்ன குரல் எனக்கே கேட்கவில்லை.

ஈரோட்டுக்காரர் முதல் தொகுதியைத் திறந்தார். சும்மா புரட்டினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது அந்தத் தீபாவளி மலருங்களா? உள்ளே தாளு வெள்ளை வெளேர்னு இருக்குதுங்க... எங்கே கிடைச்சுதுங்க?" தாஸ் ஆசையாக எல்லாவற்றையும் சொன்னார். அப்பா, கடை, பெட்டி, பாச்சை உருண்டை. கேட்கக் கேட்க அந்த மனிதரின் முகம் சுண்டிப்போனது.

"அட்டையோட, உதிரியா இருந்த பொட்டிங்களா? அட ஆண்டவா! இந்த ஒரு மலரை மட்டும் அப்படியே கொடுத்திருந்தா, கையில இருக்கிறதை எல்லாம் எண்ணாம வச்சுட்டுப் போயிருப்பேனுங்க. இப்ப இது பழைய பேப்பருங்க. யாருங்க இதை வெட்டச் சொன்னது?"

பிலோமினா காப்பித் தட்டோடு நின்றாள்.

தாஸ் என்னைப் பார்த்தார். நீளமாகப் பார்க்கவில்லை, ஒரு கண் சிமிட்டும் நேரம் இருக்கும். அதற்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெட்டி, நான், பாய், டீ... எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. இனி அவர் வாயைத் திறந்தால் என் மானம் ஈரோடு வரைக்கும் போகும் என்று நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தாங்க" என்றார் தாஸ். "எனக்கு வெவரம் பத்தாதுங்க. அண்ணன் அப்பவே வேணாம்னாங்க. நான்தான் கேக்கல."

ஈரோட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "சொன்னீங்களா சார்?"

"ஆமாம்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். மற்றதெல்லாம் பொறாமை, அது வந்து ஆளைப் பிடித்து ஆட்டியது என்று சாக்கு சொல்லலாம். அந்த "ஆமாம்" மட்டும் முழுக்க முழுக்க என்னுடையது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம்!

தாஸ் தொகுதிகளைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார். காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தார். "பட்டறையில ஆள் காத்திருப்பாங்க, வர்றேண்ணே" என்று கிளம்பினார். வாசல் வரைக்கும் போனேன். கேட்பார், இப்போது கேட்பார் என்று பார்த்தேன். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

என்னைக் காப்பாற்றினார் அல்லவா? எனக்கு நன்றி அல்லவா வரவேண்டும்? இல்லை! கடையைக் கெடுத்தேன், அப்பாவின் பெட்டியைக் கெடுத்தேன். அதற்குப் பிறகும் அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் என்னைவிட எங்கேயோ உயரப் போய்விட்டாரே என்று பொருமினேன். அப்படி ஒரு வாக்கியத்தை என்னால் என் ஆயுளில் சொல்ல முடியுமா? அந்தப் பெட்டியையாவது பாழாக்க முடிந்தது. இதை நான் எந்தப் பைண்டரிடம் கொண்டு போவேன்?

அவர் இன்றுவரை ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பொய்யைத் தயாராக வைத்திருக்கிறேன். அடிக்கடி அதை எடுத்துத் துடைத்தும் வைக்கிறேன். பார்த்தீர்களா, இப்படிப்பட்டவனுக்கு எந்தச் சாமியார் என்ன பரிகாரம் சொல்லமுடியும்?

இந்த வருடத் திருவிழாவுக்கு எல்லோரும் மாமியார் வீட்டில் கூடியிருந்தோம். கொடுவா மீன் குழம்பு. ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், ரீட்டா பரிமாறினாள். ஜூஸ் கடையைப் பற்றி யாரோ பேச்செடுக்க, அவள் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"அது எங்களுக்கு வரவேண்டிய கடைதானே? அத்தான் அவ்வளவு தூரம் சொல்லியிருக்காங்க, பைண்ட் பண்ணாதீங்கன்னு. கேட்டாரா இவரு? எல்லாம் தெரிஞ்ச மாதிரி கொண்டுபோய் வெட்டிப்புட்டு வந்து நிக்கிறாரு. இன்னிக்கும் அடுத்தவன் பட்டறையில கெடக்காரு."

எல்லோரும் தாஸைப் பார்த்தார்கள். மாமியார்கூட, "பெரியவங்க சொன்னா கேக்க வேணாமாய்யா?" என்றார். வீட்டுக்குள்ளும் அவர் அதையே சொல்லி வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தாஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆமா, தப்புதான்" என்றார். பிறகு தலையைத் தூக்காமல் மனைவியிடம் சொன்னார்.

"அண்ணன் எலையில ஒண்ணுமில்ல பாரு. மீன் வையி."

ரீட்டா நடுத்துண்டாகப் பார்த்து என் இலையில் வைத்தாள். "சாப்பிடுங்க அத்தான்" என்றாள்.

சாப்பிட்டேன்.